பெயரும் சூளையும்: தனிநபர் முத்திரை என்னும் மருந்துக்கு ஒரு மறுப்பு

சிறுதொழில்களின் நலிவைக் குறித்துப் பேசுவோரிடையே அண்மைக் காலத்தில் ஒரு கருத்து ஏறத்தாழக் கேள்விக்கு அப்பாற்பட்டதாகவே நிலைபெற்றுவிட்டது. நல்ல பொருளைச் செய்வது மட்டும் இனிப் போதாது என்றும், செய்பவர் தம் பெயரையும் முகத்தையும் வாழ்க்கைக் கதையையும் வலைப்பூ, யூடியூப், இன்ஸ்டாகிராம் போன்ற ஊடகங்களின் வழியே இடைவிடாமல் மக்கள் முன் நிறுத்தித் தம்மையே ஒரு வணிகச் சின்னமாக வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், அதைச் செய்யத் தவறியவரே சந்தையில் தோற்கிறார் என்றும் அக்கருத்து கூறுகிறது. ஒருவர் தம்மையே சரக்கின் அடையாளமாக்கிக்கொள்ளும் இம்முயற்சி 'தனிநபர் முத்திரை' எனப்படுகிறது. தொழில்முனைவோர் பயிலரங்குகளிலும் தன்முன்னேற்ற நூல்களிலும் ஒலிக்கும் இவ்வறிவுரை, எந்த ஊரின் எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் பொதுமருந்தாகவே பரிந்துரைக்கப்படுகிறது.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் இம்மருந்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற களம். பழமலைநாதர் கோயிலாலும், நான்கு திசை ரயில் பாதைகள் கூடும் சந்திப்பாலும் அறியப்பட்ட இவ்வூருக்கு மூன்றாவது அடையாளத்தைத் தந்தது பீங்கான் தொழில். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக அகற்றப்படும் மேல்மண்ணோடு வெண்களிமண்ணும் கிடைத்தது. அதைக் கழுவித் தூய்மைப்படுத்தும் ஆலையும் அந்தச் சுரங்கத் திட்டத்தின் ஓர் அங்கமாகவே அமைந்தது. அக்களிமண்ணை நம்பி 1960களில் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை உருவாயிற்று. செராமிக் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் ஊரில் அமைந்தது. அரசுத் துறையில் ஸ்டோன்வேர் குழாய்த் தொழிற்சாலை ஒன்றும் இயங்கியது. பிற்காலத்தில் பேட்டையின் பல கூடங்கள் நலிந்தபோது, இவ்வூர்க்காரர்களுக்குச் செய்யத் தெரிந்த அளவுக்குச் சொல்லத் தெரியவில்லை என்ற விளக்கம் எளிதில் முன்வைக்கப்பட்டது. அவ்விளக்கம் தவறானது என்பதும், அதிலிருந்து பிறக்கும் தீர்வு நோயை மறைத்து நோயாளியைக் குற்றவாளியாக்குகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள்.

எதிர்த்தரப்பின் நியாயங்களை முதலில் அவற்றின் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே முறை. ஒன்று, செய்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நிற்கும் மொத்த வியாபாரியும் கமிஷன் தரகரும் இலாபத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றனர். தம் பெயரை மக்களிடம் நேரே கொண்டுசேர்ப்பவர் அவர்களைக் கடந்துவிடலாம். இரண்டு, இயந்திரப் பொருள்கள் மலிந்த காலத்தில் கைவேலைக்கு மதிப்புத் தருவது அதன் பின்னுள்ள மனிதரின் கதையே. மூன்று, முன்பு விளம்பரம் பணக்காரருக்கு மட்டுமே வாய்த்தது. இன்று ஒரு கைபேசி போதும். இம்மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. 'பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு' என்ற பழமொழியை நம்பிக் கைகட்டி இருந்துவிடலாம் என்று இக்கட்டுரை வாதிடவுமில்லை. மணம் தெருமுனை வரைதான் போகும் என்பது பூக்கடைக்காரருக்கே தெரியும். கேள்வி வேறு: ஓரளவு உண்மையை முழுத் தீர்வாக்குவது தகுமா என்பதே அது.

இவ்வறிவுரை பிறந்த இடத்தை நோக்கினால் அதன் எல்லையும் விளங்கும். தனிநபர் முத்திரை என்ற கருத்தைப் பரவலாக்கியது, அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் 1997 ஆகஸ்டில் 'பாஸ்ட் கம்பெனி' இதழில் எழுதிய கட்டுரை. பெருநிறுவனங்கள் ஆட்குறைப்பில் இறங்கி, ஆயுள் முழுவதும் ஒரே நிறுவனத்தில் வேலை என்ற நம்பிக்கை தகர்ந்திருந்த காலம் அது. இனி ஒவ்வோர் ஊழியரும் தம்மை ஒரு தனி நிறுவனமாகக் கருதித் தம் பெயரைத் தாமே சந்தைப்படுத்த வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். ஆலோசகர், வடிவமைப்பாளர், மேலாளர் போன்றோர் விற்பது தம் திறனையும் நேரத்தையும் ஆதலால், அவர்களைப் பொறுத்தவரை பெயரும் சரக்கும் ஏறக்குறைய ஒன்றே. சுரங்கத்திலிருந்து மண்ணும், எண்ணெய் நிறுவனத்திலிருந்து எரிபொருளும், பல கைகளின் உழைப்பும் சேர்ந்து உருவாகும் ஒரு பொருளுக்கு இந்தச் சமன்பாடு பொருந்தாது. வெள்ளைச் சட்டை ஊழியருக்காகத் தைத்த உடையைச் சூளைக்காரருக்கு மாட்டிவிட்டு, அது பொருந்தாததற்கு அவர் உடம்பைக் குறைகூறுவதே இன்றைய அறிவுரையாளர்கள் செய்வது.

விருத்தாசலத்தில் செய்யப்பட்ட பொருள்கள் எவை என்று பார்ப்பது இவ்விவாதத்தின் அடிப்படை. தமிழ்நாட்டு வீடுகளின் மின் இணைப்புப் பலகைகளில் பல பத்தாண்டுகள் இருந்த வெண்பீங்கான் பியூஸ் கட்டைகள் இவ்வூர்த் தொழிலின் முக்கியச் சரக்குகளுள் ஒன்று. பீங்கானாலான அடிப்பகுதியும், அதில் செருகி எடுக்கக்கூடிய மேற்பகுதியும், மேற்பகுதியில் இரு திருகாணிகளுக்கிடையே கட்டப்படும் மெல்லிய கம்பியும் சேர்ந்ததே பியூஸ் கட்டை. மின்னோட்டம் அளவுக்கு மீறும்போது கம்பி உருகி இணைப்பைத் துண்டிக்கும். இவற்றோடு, மின்கம்பங்களில் கம்பியைத் தாங்கி, மின்சாரம் கம்பத்துக்குக் கடந்துவிடாமல் தடுக்கும் இன்சுலேட்டர்களும் செய்யப்பட்டன. இப்பொருள்களை வாங்கியவர்கள் மின்வாரியமும், மின்பொருள் நிறுவனங்களும், மின்சாமான் கடைகளுமே. தம் வீட்டுப் பியூஸ் கட்டையைச் செய்தவர் யார் என்று எந்தக் குடும்பத்தலைவரும் கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவையும் இருந்ததில்லை.

இத்தகைய பொருளுக்கு நம்பிக்கை எவ்வாறு உண்டாகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. 1,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்பாதைகளுக்கான பீங்கான் இன்சுலேட்டர்களுக்கு ஐஎஸ் 731 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு; அதற்குக் குறைவான அழுத்தத்துக்கு ஐஎஸ் 1445. அத்தர நிர்ணயங்கள் கோரும் சோதனைகளுள் ஒன்று நுண்துளைச் சோதனை. இன்சுலேட்டரை உடைத்து, அதன் துண்டுகளைச் சிவந்த சாயக் கரைசலில் அமிழ்த்தி, உயர் அழுத்தத்தில் பல மணி நேரம் வைத்திருந்து, பின் அத்துண்டுகளை மீண்டும் பிளந்து பார்ப்பார்கள். உள்ளே சாயத்தின் சுவடு தென்பட்டால் பீங்கான் முழுமையாக வேகவில்லை, அதன் உடலில் நுண்துளைகள் உள்ளன என்று பொருள். மழைக்காலத்தில் ஈரம் புகுந்து மின்சாரம் பாயக்கூடிய அந்தச் சரக்கு தள்ளப்படும். டெண்டரில் கலந்துகொள்ளும் கூடத்தின் உரிமையாளருக்கு இணையத்தில் எத்தனை இலட்சம் பேர் பின்தொடர்வோர் இருந்தாலும், அந்தச் சாயம் அவருக்காக ஒரு மில்லிமீட்டரும் பின்வாங்காது. இங்கே நம்பிக்கையை உண்டாக்குவது சோதனைக்கூடமும் சான்றிதழும், சூளையின் வெப்பத்தை ஒரே சீராக நிறுத்தும் திறனுமே.

அப்படியானால் அந்தச் சந்தை ஏன் சுருங்கியது? பியூஸ் கட்டையின் இடத்தை, அளவுமீறிய மின்னோட்டத்தில் தானே விழுந்து, மீண்டும் தூக்கிவிடக்கூடிய எம்சிபி விசைகள் பிடித்துக்கொண்டன. ஸ்டோன்வேர் கழிவுநீர்க் குழாய்களின் இடத்தைப் பிவிசி குழாய்கள் எடுத்துக்கொண்டன. மின்பாதைகளில் பாலிமர் இன்சுலேட்டர்கள் பீங்கானுக்குப் போட்டியாக வந்தன. இம்மூன்றும் தொழில்நுட்ப மாற்றங்கள். வாங்குபவரின் கவனம் சிதறியதால் நேர்ந்தவை அல்ல. வீட்டுக்கு எம்சிபி பொருத்த முடிவுசெய்துவிட்டவரிடம் பியூஸ் கட்டை செய்பவரின் வாழ்க்கைக் கதையை எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் அவர் மனம் கரையலாம், மின்பலகை மாறாது. மாறிவரும் தேவைக்கேற்ப, உயர்வெப்பம் தாங்கும் பாகங்கள், தேய்மானம் தாங்கும் தொழிலகப் பாகங்கள் போன்ற புதிய செராமிக் பொருள்களுக்கு ஊர் நகர்ந்திருக்க வேண்டும் என்று சொன்னால் அது நியாயமான விமரிசனம். ஆனால் அந்நகர்வுக்கு ஆய்வும் முதலும் வேண்டும், அவற்றைக் காணொளி தராது.

எரிபொருளின் கணக்கு இதைவிடக் கடுமையானது. பீங்கான் உடல் இறுகிக் கண்ணாடித் தன்மை பெறுவதற்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை எட்டுவதும், சிறிது நேரம் அதே நிலையில் நிறுத்துவதும், பிளவு விழாமல் மெல்லத் தணிப்பதுமே செலவின் பெரும்பகுதி. குஜராத்தின் மோர்பி நகரம் இந்தியாவின் பீங்கான் தரை ஓடுகளில் மிகப் பெரும்பங்கைச் செய்யும் ஊராக வளர்ந்ததற்கு, குழாய்வழியே வந்த இயற்கை எரிவாயுவும், அண்டை மாநிலமான ராஜஸ்தானின் களிமண்ணும், அருகிலுள்ள துறைமுகங்களும், நூற்றுக்கணக்கான ஆலைகள் ஒரே இடத்தில் குவிந்திருந்ததால் கிடைத்த உதிரிபாக, பழுதுபார்ப்பு வசதிகளும் காரணங்கள். நிலக்கரி வாயுக் கலன்களை மூடுமாறு 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டபோது அவ்வூர் மொத்தமாக எரிவாயுவுக்கு மாற முடிந்ததும் குழாய் ஏற்கெனவே ஊருக்குள் வந்திருந்ததால்தான். அந்த எரிவாயுவின் விலை ஏறிய 2022 ஆகஸ்டில் அங்குள்ள ஆலைகள் பலவும் ஒரு மாத அளவுக்கு உற்பத்தியை நிறுத்திவைத்தன. மோர்பியின் எழுச்சிக்கும் இடர்ப்பாட்டுக்கும் ஆலை முதலாளிகளின் புகழ் காரணமாக இருந்ததே இல்லை. அவர்களுள் ஒருவர் பெயரைச் சொல்லுமாறு கேட்டால், அவர்கள் செய்த ஓட்டின் மேல் அன்றாடம் நடக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுள் எதனாலும் சொல்ல இயலாது.

இதற்கு எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய மறுமொழி ஒன்றுண்டு: மின்பொருள்களை விட்டுவிடலாம், விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக் கொலுவுக்கும் கார்த்திகைக்கும் விருத்தாசலத்துக் கூடங்கள் செய்யும் பொம்மைகளும் விளக்குகளும் மக்கள் நேரே வாங்கும் பொருள்கள் அல்லவா, அங்கே கதையும் முகமும் விலைபோகாதா? அறிவுரையின் வலுவான அரண் இதுவே ஆதலால் இதைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும்.

ஒரு சிறு பிள்ளையார் பொம்மை உருவாகும் முறையை எடுத்துக்கொள்வோர் முதலில் காண்பது ஒருவரது கைவண்ணத்தை அன்று, பல கைகளின் வரிசையை. களிமண்ணும், உருகுபொருளான பெல்ட்ஸ்பாரும், குவார்ட்ஸும் உருளை ஆலையில் நீரோடு அரைக்கப்பட்டுப் பால்போன்ற கூழாக்கப்படுகின்றன. இக்கூழுக்கு ஸ்லிப் என்று பெயர். அது பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சுகளில் ஊற்றப்படுகிறது. பிளாஸ்டர் நீரை உறிஞ்ச, அச்சின் உட்சுவரை ஒட்டிக் களிமண் ஒரு தோலாகப் படிகிறது. தோல் வேண்டிய கனம் அடைந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, சற்றே இறுகிய பின் அச்சைப் பிரிக்கிறார்கள். இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஓடும் பிசிறை ஒருவர் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கிறார். தும்பிக்கையின் வளைவில் கத்தி ஒரு நூலளவு ஆழமாகப் போனாலும் சூளையில் அந்த இடமே வெடிக்கும். உலர்த்துவதை ஒருவர் பார்க்கிறார், சூளையில் அடுக்குவதை வேறொருவர்; சுட்டபின் வண்ணம் தீட்டுவோர் தனி. இத்தொடரில் கூடத்தின் உரிமையாளர் பல வேளைகளில் மண்ணையே தொடுவதில்லை. அப்படியிருக்க, தனிநபர் முத்திரை யாருடைய முத்திரை? கைபேசியின் முன் நின்று பேசக்கூடிய உரிமையாளரின் முகம் பொம்மையின் மேல் ஒட்டப்படும்போது, பிசிறு சீவியவரின் கையும் வண்ணம் தீட்டியவரின் கண்ணும் அம்முகத்தின் பின்னே மறைந்துபோகின்றன. உழைப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லும் முறை உண்மையில் உழைப்பின் பெரும்பகுதியை இருட்டடிப்புச் செய்கிறது.

வணிகக் கணக்கும் அறிவுரைக்கு இசைவாக இல்லை. சூளை நிறைய அடுக்கினாலும் பாதி அடுக்கினாலும் எரிபொருள் செலவு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே, ஒரே வகைச் சரக்கை நூற்றுக்கணக்கில் வாங்கிச் செல்லும் மொத்த வியாபாரியின் ஆர்டர்தான் சூளையை நிரப்புகிறது. இணையத்தின் வழியே வரும் வாடிக்கையாளர் இரண்டு பிள்ளையார், ஒரு குதிரை, நான்கு விளக்கு என்று சில்லறையாகக் கேட்கிறார். ஒவ்வொன்றையும் தனித்தனியே வைக்கோலும் அட்டையும் வைத்துக் கட்டவேண்டும். கூரியரில் உடைந்தால் பணத்தைத் திருப்பவேண்டும். உடைந்ததற்குப் புகைப்படச் சான்று கேட்டால் வாடிக்கையாளர் குறைகூறி எழுதுவார். இடைத்தரகர் எடுத்துக்கொண்ட பங்கு மறைந்துவிடுவதில்லை. கட்டுதல், அனுப்புதல், உடைசல், இணையத் தளத்தின் கட்டணம், பதிவை நாலு பேர் கண்ணில் காட்டுவதற்கான விளம்பரப் பணம் என்று பெயர் மாறிப் பலரிடம் பிரிந்து போகிறது. இதோடு, நாள்தோறும் படம்பிடித்து, எழுதி, பின்னூட்டங்களுக்கு விடையளிக்கச் செலவாகும் நேரம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. கைபேசி மலிவுதான், கவனம் மலிவன்று. பண்டிகைக்கு முந்திய மாதங்களில் சூளை இரவுபகலாக எரியும் கூடத்தில் அந்தக் கவனத்தைச் சூளையிடமிருந்துதான் பிடுங்கவேண்டும்.

மேலும், புகழ் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கக்கூடிய சரக்கன்று. ஒரு கூடம் நல்ல எரிகலனுக்கு மாறினால் பக்கத்துக் கூடமும் மாறலாம். இருவருக்கும் செலவு குறையும். ஒரு கூடம் இணையத்தில் முன்னிலை பெற்றாலோ, அது மற்றொன்றைக் கீழே தள்ளித்தான் பெறுகிறது. ஏனெனில் பார்ப்பவரின் நேரம் அளவானது, தளங்களின் பட்டியலும் வரிசைமுறையானது. பேட்டையின் எல்லாக் கூடங்களும் அறிவுரையை அப்படியே பின்பற்றிவிட்டால் விளையப்போவது ஊருக்கு வருமானமன்று, அனைவருக்கும் கூடுதல் செலவே. ஒருவருக்குப் பலிப்பதை எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்வது, திரையரங்கில் ஒருவர் எழுந்து நின்றால் நன்றாகத் தெரிகிறது என்பதற்காக எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

அப்படிப் பெற்ற புகழும் பெற்றவருக்கு உரிமையாவதில்லை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தது; அவற்றுள் டிக்டாக்கும் ஒன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் அச்செயலியில் ஆண்டுக்கணக்காக ஆடிப் பாடிப் பேசிப் பெயர் சேர்த்திருந்தவர்கள், தம்மைப் பின்தொடர்ந்தோர் அனைவரையும் ஒரே நாளில் இழந்தனர். தடையின் அரசியல் நியாயம் வேறு விவாதம். இங்கே வேண்டிய பாடம் ஒன்றே. பின்தொடர்வோர் பட்டியல் தளத்தின் உடைமை. அதைப் பயன்படுத்துபவர் அங்கே குடியிருப்பவர் மட்டுமே. தளம் தன் வரிசைமுறையை மாற்றினாலும் அவர் குடிபெயர வேண்டியதுதான். சூளையும் அச்சும் கலவைக் கணக்கும் அப்படிப்பட்டவை அல்ல; சந்தை மாறினாலும் அவை கூடத்தோடு இருக்கும்.

தனிநபர் முத்திரையை ஆதரிப்போர் வரலாற்றிலிருந்து எடுத்துக்காட்டும் முதல் பெயர் ஒரு பீங்கான் உற்பத்தியாளருடையது என்பது இவ்விவாதத்துக்குப் பொருத்தமானது. இங்கிலாந்தின் ஸ்டாபோர்ட்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஜோசையா வெட்ஜ்வுட் (1730–1795) அரசியார் சார்லட்டுக்குத் தேநீர்க் கலங்கள் செய்து தந்து, தம் வெளிர்மஞ்சள் கலங்களுக்கு அரசியின் பெயரையே சூட்டிக்கொண்டார். லண்டனில் காட்சிக்கூடம் திறந்தார். பட மாதிரிப் பட்டியல்களை வெளியிட்டார். அவரை நவீன விளம்பரக் கலையின் தந்தை என்று கொண்டாடுவோர் அவர் வாழ்க்கையின் மறுபாதியைப் படிப்பதில்லை. அவ்வட்டாரத்துக் கலங்கள் குண்டும் குழியுமான சாலைகளில் பொதிக்குதிரைகளின் முதுகில் உடைந்துகொண்டிருந்தபோது, டிரென்ட், மெர்சி ஆறுகளை இணைக்கும் கால்வாய்க்காகப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் அவர். 1766இல் தொடங்கி 1777இல் முடிந்த அக்கால்வாயின் முதல் மண்ணை வெட்டியதும் அவரே. கார்ன்வால் களிமண்ணைப் பயன்படுத்தும் காப்புரிமையை ரிச்சர்டு சாம்பியன் என்பவர் 1775இல் நீட்டிக்கக் கோரியபோது, அம்மண் தம் வட்டாரத்துக் குயவர்களுக்கும் கிடைக்கவேண்டும் என்று நாடாளுமன்றத்தில் எதிர்ப்பைத் திரட்டினார். சூளையின் உயர்வெப்பத்தை அளக்கும் கருவியொன்றை 1782இல் உருவாக்கி, அதன் பயனாய் மறுஆண்டு ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். போக்குவரத்து, மண், வெப்பம் ஆகிய மூன்றையும் கைப்படுத்தியவரின் பெயர் பிறகு விலைபோயிற்று. முதல் இரண்டின் பயன் அவர் வட்டாரம் முழுவதற்கும் கிடைத்தது. கால்வாயை மறந்துவிட்டுக் காட்சிக்கூடத்தை மட்டும் பின்பற்றச் சொல்வது வெட்ஜ்வுட்டிடமிருந்து பெற்ற பாடமாகாது.

ஒருவர் பெயரே சரக்கின் மதிப்பாகும் இடம் ஒன்று உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது கலைக்கூடப் பீங்கான். டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971இல் புதுச்சேரியில் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, இந்தியக் கலைக்கூடப் பீங்கானின் ஊற்றுக்கண்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அங்கே ஒவ்வொரு கலமும் தனியாக்கம். அதை வனைந்தவரின் பெயரைக் கேட்டு வாங்குவோரும் உள்ளனர். ஆயினும் அந்தப் பெயர் வலைப்பூக்களோ சமூக ஊடகங்களோ பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, சக்கரத்தின் முன்னும் சூளையின் முன்னும் உழைத்ததாலும், நாடெங்கிலுமிருந்து வந்த மாணவர்களுக்குக் கற்பித்ததாலும் நிலைபெற்றது. ஊடகம் அப்பெயரைப் பரப்பியிருக்கலாம், படைக்கவில்லை. விருத்தாசலத்திலும் யாரேனும் தம் கையாலேயே கலம் வனைந்து, தம் பெயரைப் பொறித்து விற்க விரும்பினால் அவ்வழி அவருக்குத் திறந்தே இருக்கிறது. ஆனால் அது ஒரு சிலருக்கான வழி. ஒரு தொழிற்பேட்டையின் வழியாகாது.

பெயர் வேண்டாம் என்பதன்று இம்மறுப்பின் சாரம். எவருடைய பெயர் என்பதே கேள்வி. தமிழ்நாட்டின் சிறுதொழில் வரலாற்றில் இதற்குச் சிவகாசியைவிடச் சிறந்த விடை இல்லை. அவ்வூரின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்தது தீப்பெட்டி செய்யும் நுட்பத்தை. தம்மைப் பற்றிப் பேசும் நுட்பத்தை அன்று. அதன்பின் சிவகாசியில் வளர்ந்த பட்டாசுத் தொழிலில் மக்கள் மனத்தில் பதிந்தவை அணிலும் சேவலும். முதலாளிகளின் முகங்கள் அல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துச் சரக்கை அடையாளம் கண்டார். சரக்கு ஏமாற்றினால் அந்தப் படமே அடுத்த தீபாவளிக்குக் காட்டிக்கொடுத்தது. சரக்கின் மேல் நிற்கும் குறி சரக்கின் தரத்துக்குப் பிணை. செய்பவரின் கதை அப்படிப் பிணை நிற்பதில்லை, அதை யாரும் சோதித்துப் பார்க்கவும் முடியாது.

ஊரின் பெயரே குறியாகும் முறையும் சட்டத்தில் இருக்கிறது. ஒரு பொருளின் தரமும் புகழும் அது பிறக்கும் இடத்தைச் சார்ந்திருந்தால், அவ்வூர்ப் பெயரை அவ்வூர் உற்பத்தியாளர்கள் மட்டுமே பயன்படுத்தும் உரிமையைத் தருவது புவிசார் குறியீடு. அதற்கான இந்தியச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாப் பீங்கானும் தஞ்சாவூர்ப் பொம்மையும் அக்குறியீட்டைப் பெற்றவை. குர்ஜாவிலோ, குறியீட்டோடு, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கண்ணாடி மற்றும் செராமிக் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை மையமும் உண்டு. பெயருக்குப் பின்னால் ஒரு சோதனைக்கூடம் நிற்கிறது. பொதுக்குறியின் சிறப்பு, அதில் ஒருவர் பெறும் நற்பெயர் மற்றவரைத் தள்ளிவிடாமல் அவருக்கும் பயன்படுவதும், ஒருவர் செய்யும் தரக்குறைவு எல்லாரையும் பாதிப்பதால் எல்லாரும் ஒருவரை ஒருவர் கண்காணிக்க நேர்வதும் ஆகும். தனிநபர் முத்திரையில் இவ்விரண்டும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அறிவுரை ஏன் செல்வாக்குடன் இருக்கிறது என்பதற்கு விடை, அது யாருக்கு வசதியாக இருக்கிறது என்பதில் உள்ளது. குழாய்வழி எரிவாயு, மலிவான தவணையில் புதிய சூளை, பொதுச் சோதனைக்கூடம், பயிலகத்துக்கும் பேட்டைக்கும் இடையே உயிருள்ள தொடர்பு ஆகியவற்றைக் கேட்டால் அரசும் வங்கியும் பொதுத்துறை நிறுவனங்களும் விடைசொல்ல வேண்டும். பணமும் ஆண்டுகளும் செலவாகும். கைபேசியில் பேசக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு ஒரு நாள் பயிலரங்கும் மதியச் சாப்பாடும் போதும். அதற்குமேல், அடுத்த ஆண்டு கூடம் மூடப்பட்டால் பயிற்சி கொடுத்தாயிற்று, அவர்தாம் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்றும் சொல்லிவிடலாம். கூட்டாகத் தீர்க்கவேண்டிய இடர், தனிமனிதரின் குணக்குறையாக இவ்வாறு உருமாறுகிறது. விருத்தாசலத்தின் பழம்பெயரான திருமுதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் சுந்தரர் என்பது இவ்வூரின் தலபுராணம்; ஆற்றில் போட்டதைக் குளத்தில் எடுப்பது அருள்பெற்ற அவருக்குக் கைகூடிற்று. சூளையில் இழந்ததைக் கைபேசியில் தேடச் சொல்வோருக்கு அத்தகைய அருள் எதுவும் வாய்த்திருப்பதாகத் தெரியவில்லை.

ஊடகத் தேர்ச்சி பயனற்றது என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவாகாது. அதன் இடம் எது என்பதே பெறப்படுவது. பேட்டை முழுவதற்கும் பொதுவான ஒரு சரக்குப் பட்டியல், எந்தக் கூடத்தில் எந்தப் பொருள் எந்த அளவில் செய்து தரமுடியும் என்ற விவரத்தோடும் சோதனை முடிவுகளோடும் இணையத்தில் இருந்தால், கோயம்புத்தூரின் எந்திர உற்பத்தியாளரும் சென்னையின் மொத்த வியாபாரியும் இடைத்தரகரைக் கேட்காமலே விருத்தாசலத்தை அணுக முடியும். வண்ணத்தில் ஈயமும் காட்மியமும் கலந்திருக்கிறதா என்று வாங்குவோர் கேட்கத் தொடங்கியிருக்கும் காலத்தில், அதற்கான ஆய்வறிக்கையை வெளியிடுவது எந்த உருக்கமான கதையையும்விட வலிய விளம்பரம். களிமண், எரிபொருள் ஆகியவற்றின் விலையேற்றத்தால் ஒரு பொம்மையின் அடக்கவிலை எவ்வாறு உயர்ந்தது என்று கணக்கோடு எழுதுவது ஆட்சியாளரையும் விடையளிக்கச் செய்யும். இவை அனைத்துக்கும் எழுத்தும் படமும் பேச்சும் வேண்டும். ஆனால் எழுதப்படுவது பொருளையும் அதன் நிலைமைகளையும் பற்றியதாக இருக்கும், ஒருவர் முகத்தைப் பற்றியதாக இராது.

அதற்கும் மத்திய அரசின் குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டம் போன்றவை வழிவகுக்கும் பொது வசதி மையமே முன்நிபந்தனை. பல கூடங்கள் கூட்டாக வைத்திருக்கும் அரைவையும் சூளையும் சோதனைக்கூடமும் அமைந்தால்தான் பொதுப் பட்டியலில் எழுதுவதற்கே ஏதேனும் இருக்கும். ஆகவே, விருத்தாசலத்துக்கு அறிவுரை சொல்ல வருவோர் அங்குள்ள உற்பத்தியாளரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அவரைப் பின்தொடர்வோர் எத்தனை பேர் என்பதன்று. ஒரு சுற்றுச் சூளைக்கு எரிபொருள் செலவு எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை சரக்கு உடைசலாகிறது, தரச்சோதனைக்கு எவ்வளவு தொலைவு போகவேண்டியிருக்கிறது என்பனவே. இம்மூன்றுக்கும் விடைகாண உதவாத அறிவுரை, எவ்வளவு நவீனமாக ஒலித்தாலும், இத்தொழிலுக்குத் தொடர்பற்றதே. விடைகாண உதவும் முயற்சி நடந்தால், ஊரின் பெயரை விற்பதற்கு அவ்வூர்க்காரர்கள் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியிராது.